கால்வாய்க் கரையில் ஒன்பது கிலோமீற்றர்

சகோதரிகளே, இங்கிலாந்து என்றதும் உங்கள் மனதில் என்ன வரும்? லண்டன் பாலம் வரலாம். மாளிகை வாசலில் கரடித் தொப்பி போட்டு நிற்கும் காவலர் வரலாம். நான் ஐந்து கிழமை அந்த நாட்டில் இருந்தும் இவற்றில் எதையும் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும், "அப்படி என்னதான் பார்த்தீங்க?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். "ஒரு கால்வாய்க் கரையில ஒன்பது கிலோமீற்றர் நடந்தேன்" என்றேன். சிரித்தார்கள். ஏன் நடந்தேன் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

என் ராத்தா பேர்மிங்ஹாம் நகரில் இருக்கிறார். 2023 மே மாத ஆரம்பத்தில் மச்சான் மௌத்தானார். ராத்தா இத்தா இருந்து முடிக்கும் தறுவாயில், "சாச்சி, நீங்க வந்து உம்மாவோட கொஞ்ச நாள் இருங்க" என்று ராத்தாவின் மகள் டிக்கட் அனுப்பினாள். செப்டெம்பர் மாதம் போய் இறங்கினேன்.

மச்சானுக்கு வந்தது மூளையில் கட்டி. கிளியோபிளாஸ்டோமா என்று அதற்குப் பெயர். மூளையில் தோன்றும் புற்றுநோய்களில் மிகவும் பொல்லாதது. 2022 பெப்ரவரியில் கண்டுபிடித்தார்கள். பதினைந்து மாதம் இருந்தார்.

இதை நாங்கள் ஊரில் எவருக்கும் சொல்லவில்லை. "பிரஷர் கூடிப்போச்சு", "சின்ன ஒப்பரேஷன்" என்றுதான் நானே என் வாயால் பக்கத்து வீட்டாருக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் குமர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூளையில் நோய் என்று தெரிந்தால் பரம்பரை என்பார்கள், பெண் கேட்டு வருபவர்கள் பின்வாங்குவார்கள் என்ற பயம். உண்மையில் பெரும்பாலான மூளைக் கட்டிகள் பரம்பரையாக வருபவை அல்ல. தொற்றிக்கொள்பவையும் அல்ல. ஆனால் பயம் இருக்கும் இடத்தில் யார் உண்மையை விசாரிக்கிறார்கள்?

நான் போய் நாலாம் நாள் ராத்தாவின் மகள் ஒரு செய்தி சொன்னாள். மூளைக் கட்டி ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க ஒரு நடை. அங்கே 'பிரெய்ன் டியூமர் ரிசர்ச்' என்றொரு தர்ம நிறுவனம் 2009 முதல் இயங்குகிறது. செப்டெம்பர் மாதத்தில் ஆங்காங்கே மக்கள் நடக்கிறார்கள். விரும்பிய குடும்பம் தானே பாதையைத் தெரிந்து, தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு நடக்கலாம். அவளும் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தாள். "உம்மாவும் வாறாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிரவே ஊரிலிருந்து நானா போன் எடுத்தார். "இத்தா முடிஞ்ச கையோட ரோட்டில நடக்கிறதா? காசு வேணுமெண்டா நாங்க தாறம். பிச்சை எடுத்தமாதிரி ஏன்?" என்று சத்தம் போட்டார். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணம்தான். ராத்தா முழுவதையும் கேட்டுவிட்டு, "நானா, நாலு மாசமும் பத்து நாளும் முறையா இருந்து முடிச்சிட்டன். இனி இந்த ஒரு நாள் அவருக்காக நடக்கிறன். துஆச் செய்ங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார்.

தொடங்கிய இடம்

செப்டெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை. மெல்லிய தூறல், நுவரெலியாக் குளிர். சுமார் முப்பது பேர் கூடியிருந்தோம். ராத்தாவின் அயலவர்கள், மகளோடு வேலை செய்பவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான குடும்பங்கள். வெள்ளைக்காரர், பாகிஸ்தானியர், வங்காளிகள், நாங்கள். உண்டியல் குலுக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு தகரப்பேணி கூட இல்லை. நடப்பவர் தமக்குத் தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். அவர்கள் காசை நேரே நிறுவனத்தின் கணக்குக்குப் போடுகிறார்கள். நடப்பவர் கையில் ஒரு சதமும் படாது. கொடுப்பவர் அந்நாட்டில் வரி கட்டுபவராக இருந்தால் ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது. பிச்சை என்ற என் எண்ணம் அந்த இடத்திலேயே பாதி கழன்றது.

எல்லோருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தார்கள். "நான் நடப்பது ...... க்காக" என்று அதில் அச்சடித்திருந்தது. எழுதி முதுகில் குத்திக்கொள்ள வேண்டும். ராத்தா பெரிய எழுத்தில், "என் கணவருக்காக. மூளைக் கட்டி" என்று எழுதினார். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரில் மூடி வைத்த சொல்லை முதுகில் எழுதுவதா? வெறுங் கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

நாங்கள் நின்ற இடம் அஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஓரம். செங்கல் கட்டடங்களுக்குக் கீழே கறுத்த தண்ணீரோடு ஒடுங்கிய கால்வாய். "ஏன் இங்கேயிருந்து தொடங்குறோம் தெரியுமா?" என்று ராத்தா கேட்டார். "மச்சான் குடிச்ச மாத்திரை இங்கதான் உண்டாச்சு."

டெமோசொலமைட் என்பது அந்த மாத்திரை. 1980களின் ஆரம்பத்தில் மல்கம் ஸ்டீவன்ஸ் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் இந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்தில் அதை உருவாக்கினார்கள். 1987இல் லண்டனில் நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது எது தெரியுமா? பொதுமக்களின் நன்கொடையில் நடந்த ஒரு புற்றுநோய்த் தர்ம நிறுவனம்.

2005இல் வெளிவந்த பெரிய ஆய்வின் கணக்கை ராத்தாவின் மகள் சொன்னாள். அவள் மருந்தாளர். கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 10 பேர் அளவில் இரண்டு வருடம் தாண்டினார்கள். இந்த மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 100க்கு 26 பேர் தாண்டினார்கள். "பெரிய வித்தியாசமில்லை எண்டு நினைப்பீங்க சாச்சி. அந்தக் கொஞ்ச மாசத்துக்குள்ளதான் வாப்பா என்ட பட்டமளிப்பைப் பார்த்தார்" என்றாள். நான் பேசவில்லை.

தண்ணீர்ப் படிக்கட்டு

வெனிஸ் நகரத்தை விட எங்களிடம் கால்வாய் மைல் அதிகம் என்று பேர்மிங்ஹாம் வாசிகள் பெருமை பேசுவார்கள். இருநூறு வருடங்களுக்கு முன் நிலக்கரியும் இரும்பும் இந்தக் கால்வாய்களில்தான் போயின. படகைக் குதிரை இழுக்கும். குதிரை நடந்த பாதைதான் இன்று நாங்கள் நடக்கும் பாதை. ஏற்றத்தில் குதிரையின் குளம்பு வழுக்காதிருக்கப் பதித்த கற்கள் இன்னும் இருக்கின்றன. பாலங்களின் மூலையிலுள்ள இரும்பில் இழுகயிறு உராய்ந்து உராய்ந்து விரல் போகுமளவு பள்ளம் விழுந்திருக்கிறது. கையால் தடவிப் பார்த்தேன். நூல் அல்ல, கயிறுதான். ஆனாலும் இரும்பு தேய்ந்திருக்கிறது.

நகரத்தின் நடுப்பகுதிக்கு ஏறும் இடத்தில் பதின்மூன்று 'லொக்'குகள் வரிசையாக இருக்கின்றன. லொக் என்பது இரண்டு பக்கமும் கதவுள்ள தண்ணீர் அறை. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்புவார்கள். படகு மேலே எழும்பும். அடுத்த அறைக்குப் போகும். இப்படியே படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறும். ரயில் நிலையத்துக்கு அடியிலும் மாடிக் கட்டடங்களுக்கு அடியிலும் இருட்டுக்குள் போகும் அந்தப் பாதையில் எனக்கு மூச்சு வாங்கியது. எனக்கு முன்னால் ஓர் இளம் பெண் ஊன்றுகோலோடு ஏறிக்கொண்டிருந்தாள். நாலு வருடத்துக்கு முன் தலையில் ஒப்பரேஷன் செய்தவளாம். பேசும்போது சில சொற்கள் அவளுக்கு வரவில்லை. "பாலம்" என்ற சொல் வராமல் கையால் வளைத்துக் காட்டினாள். ஒரு லொக்குக்கு ஒருமுறை நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்து, மறுபடி ஏறினாள். நான் மூச்சு வாங்கியதை வெளியே காட்டவில்லை.

மேலே ஏறினால் கேஸ் ஸ்ட்ரீட் என்ற படகுத் துறை. வர்ணம் பூசிய நீண்ட படகுகள், பூச்சாடி வைத்த படகுக் கூரைகள். நீங்கள் பார்த்தால் ஒரு படமாவது எடுக்காமல் வரமாட்டீர்கள். இங்கே இரண்டு கம்பனிகளின் கால்வாய்கள் வந்து முட்டுகின்றன. தன் தண்ணீர் மற்றவனுக்குப் போய்விடக்கூடாது என்று பழைய கம்பனி நடுவிலே 7 அடி அகலத்தில் ஒரு தடுப்புக் கட்டியது. ஒரு பக்கத்துப் படகிலுள்ள சாமானைக் கூலியாட்கள் தூக்கி மறுபக்கப் படகில் போட வேண்டும். 1815இல்தான் படகு போக வழி திறந்தார்கள்.

"மூளைக்கும் இப்படி ஒரு தடுப்பு இருக்கு சாச்சி" என்றாள் ராத்தாவின் மகள். இரத்தத்தில் வரும் எந்த நஞ்சும் மூளைக்குள் இலேசில் போகாதபடி இரத்தக் குழாய்களின் சுவரிலேயே காவல் இருக்கிறதாம். அது நமக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் நோய் வந்தால் மருந்தையும் அதே காவல் மறித்துவிடுகிறது. உடம்பின் வேறு இடங்களில் வேலை செய்யும் எத்தனையோ புற்றுநோய் மருந்துகள் மூளைக்குள் போய்ச் சேர்வதில்லை. இந்த மாத்திரை கடந்து போகிறது. இன்னொரு கஷ்டம், இந்தக் கட்டி உருண்டையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. வேர்விட்டதுபோல் நல்ல மூளைக்குள்ளும் பரவி நிற்கிறது. முழுவதையும் வெட்டினால் பேச்சோ பார்வையோ போய்விடும். ஆகவேதான் ஆராய்ச்சி தேவை. ஆனால் அந்த நாட்டில் 2002 முதல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் செலவான மொத்தப் பணத்தில் 1 சதவீதமளவே மூளைக் கட்டிக்குக் கிடைத்திருக்கிறது என்று அந்த நிறுவனம் கணக்குக் காட்டுகிறது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே

அதன் பிறகு பாதை சமதரை. எஜ்பாஸ்டன் வழியாகப் போகிறது. கிரிக்கெட் பார்க்கும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர். ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் தண்ணீர், இரண்டு கரையிலும் மரம். முட்செடிகளில் கறுப்புப் பழம் காய்த்திருந்தது. ஒரு நாரை எங்களைக் கணக்கெடுக்காமல் நின்றது. சிறிய சுரங்கம் ஒன்றைத் தாண்டி வந்தால், பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் 100 மீற்றர் உயரமான மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும். அதற்கு அப்பால் வெள்ளை வெளேரென்று குயீன் எலிசபெத் ஆஸ்பத்திரி. 2012இல் தலையில் சுடப்பட்ட மலாலாவைக் கொண்டுவந்து வைத்தியம் செய்தது இங்கேதான்.

ராத்தா அங்கே நின்றுவிட்டார். மற்றவர்கள் முன்னே போகட்டும் என்று நானும் நின்றேன். "ஆறு கிழமை. சனி, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும். முப்பது தரம் கூட்டிக்கொண்டு வந்தேன்" என்றார்.

அப்போதுதான் நான் இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொன்னேன். 2021 டிசம்பரில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மச்சான் வந்திருந்தார். காலையில் எழும்பும்போதே தலையிடி என்பார். இரண்டு நாள் சத்தியும் எடுத்தார். பிரயாணக் களைப்பு என்று நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், தைலம் தேய்க்கச் சொன்னேன். ஒரு நாள் கார்த் திறப்பைக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். இன்னொரு நாள் "கரண்டி" என்ற சொல் வராமல் தடுமாறினார். "மச்சானுக்கு வெள்ளைக்காரனாகித் தமிழ் மறந்துபோச்சு" என்று நான் சொல்ல, வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கேட்கிறது.

ராத்தா என் கையைப் பிடித்தார். "நீ மட்டுமா சிரிச்ச? நானும்தான் சிரிச்சேன். டொக்டரிட்ட கேட்டேன். ரெண்டு மாசம் முந்திக் கண்டுபிடிச்சாலும் இந்தக் கட்டிக்கு முடிவு பெரிசா மாறியிருக்காது எண்டார். அத நினைச்சு நீ அழாத. ஆனா தெரியாதவங்களுக்குச் சொல்லு."

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன், சகோதரிகளே. தலையிடி எல்லாம் கட்டி அல்ல. நூற்றில் தொண்ணூற்றொன்பதும் அல்ல என்றே சொல்லலாம். வீணாகப் பயப்பட வேண்டாம். ஆனால் முன்பு இல்லாத தலையிடி புதிதாக வந்து, நாளுக்கு நாள் கூடி, காலையில் எழும்பும்போது மோசமாக இருந்தால் கவனியுங்கள். அதோடு காரணமில்லாத சத்தி, முன்பு ஒருபோதும் வராத வலிப்பு, பார்வை இரட்டையாகத் தெரிதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், சொல் வராமல் தடுமாறல், சாந்தமானவர் திடீரென்று வேறு ஆள்போல் மாறுதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் டொக்டரிடம் போங்கள். ஓதிப் பார்ப்பதை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் செய்துகொண்டு நாளைக் கடத்தாதீர்கள் என்கிறேன். கண்ணூறு என்றும் செய்வினை என்றும் சொல்லிப் போன நாட்கள் திரும்பி வருவதில்லை. கட்டிகளில் குணப்படுத்தக்கூடியவையும் பல இருக்கின்றன. அவற்றுக்கு நேரம் பெறுமதியானது.

"ராத்தா, ஒண்டு கேட்கட்டா?" என்றேன். "இந்தக் காசு மச்சானுக்கு இனி உதவப் போறதில்லையே. பிறகு ஏன் இவ்வளவு தூரம்?"

ராத்தா ஆஸ்பத்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மாத்திரைக்குக் காசு போட்டவங்க உங்கட மச்சான்ட பேரைக் கேள்விப்பட்டிருப்பாங்களா? நாப்பது வருசத்துக்கு முந்தி யாரோ ஒரு கிழவி கடையில மிச்சக் காசைப் போட்டிருப்பா. அதுல எனக்குப் பதினைஞ்சு மாசம் கிடைச்சிச்சு. அந்தக் கடனை நான் யாருக்குத் திருப்பிக் குடுக்கிறது? அடுத்து வாறவங்களுக்குத்தானே."

நான் கைப்பையைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்தேன். "என் மச்சானுக்காக. மூளைக் கட்டி" என்று எழுதினேன். ராத்தாதான் முதுகில் குத்திவிட்டார்.

சொக்லேட் வாசம்

கடைசிப் பகுதி போன்வில் கிராமம். நீங்கள் கடையில் வாங்கும் கட்பரி சொக்லேட்டின் ஊர். 1879இல் தொழிற்சாலையை இங்கே கொண்டுவந்தார்கள். ஜோர்ஜ் கட்பரி தொழிலாளருக்குத் தோட்டத்தோடு வீடுகள் கட்டினார். மது விடுதிக்கு மட்டும் இடம் வைக்கவில்லை. சிறிய ரயில் நிலையம்கூட சொக்லேட் கடதாசியின் ஊதா நிறத்தில் இருக்கிறது. காற்றில் கொக்கோ வாசம் வந்தது. புல்வெளியில் விரிப்புப் போட்டு உட்கார்ந்தோம். ராத்தா விடியற்காலையில் பொரித்த ரோல்ஸும் பெட்டிஸும், ஒரு பாகிஸ்தானியச் சகோதரியின் சமோசாவும், வெள்ளைக்கார அம்மா ஒருவரின் கேக்கும் கைமாறின. என் சப்பாத்தைக் கழற்றினேன். குதிக்காலில் இரண்டு கொப்புளம்.

ஒரு நாள் ஆராய்ச்சிக்கு 2,740 பவுண் செலவு என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அன்றைய நமது காசில் பத்து இலட்சம் ரூபாவுக்கும் மேல். ஒரு நாளுக்குரிய பணத்தைச் சேர்ப்பவர்களின் பேரில் ஆராய்ச்சி நிலையத்துச் சுவரில் ஓர் ஓடு பதிக்கிறார்கள். ராத்தாவின் மகள் கணக்குப் பார்த்தாள். இன்னும் நூறு பவுணுக்கு மேல் குறைந்தது. போர்வை வாங்க வைத்திருந்த ஐம்பது பவுணை நான் கொடுத்தேன். மிச்சம் அடுத்த இரண்டு கிழமைக்குள் வந்து சேர்ந்தது. கடைசியாக வந்த இருபத்தைந்து பவுண் ஊரிலிருந்து. பெயர் போடவில்லை. பிறகு விசாரித்தால் நானா. "ஒரு நாள் எண்டாலும் எங்கட வீட்டு நாளா இருக்கட்டும்" என்றாராம்.

இது வெள்ளைக்காரர் பழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் நாட்டிலும் நடந்திருக்கிறார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்த்தார்கள். 2016இல் பருத்தித்துறையிலிருந்து திரும்பத் தெற்கு நோக்கி நடந்து காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தார்கள். தெற்கார் வடக்குக்கும் வடக்கார் தெற்குக்குமாக நடந்த நடை அது. மகளை மடியில் வைத்துக்கொண்டு மஹரகம ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருக்கும் தாய் எந்த ஊர், எந்த இனம் என்று நோய் கேட்பதில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டு மாமி வழக்கம்போல் கேட்டார். "மச்சானுக்குப் பிரஷர்தானே?"

"இல்ல மாமி. மூளையில கட்டி" என்றேன்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவான குரலில், "என்ட தங்கச்சிக்கும் அதுதான் புள்ள. முப்பது வருசமா நாங்க யாருக்கும் சொல்லல்ல" என்றார்.

அன்று மாமி அஸர் வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். தங்கையைப் பற்றி, அவள் தைத்த பாவாடைகளைப் பற்றி, கடைசி நாட்களில் சொந்தப் பிள்ளையின் பெயர் அவளுக்கு மறந்துபோனதைப் பற்றி.